சிலிண்டர் விஷயம், அம்மாவிடம் சொல்லாதே

கொலம்பஸ், ஒஹையோ

அக்காவுக்கு,

வீடியோ காலில் என் பின்னால் நின்ற சிலிண்டரை அம்மா பார்த்துவிட்டாள். "கரண்ட் அடுப்புன்னியே, கேஸ் எதுக்குடா?" என்றாள். "நாலு பேர் வந்தா ஆகும்மா" என்று சமாளித்தேன். பொய்யில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன்: அது பீருக்கு. அத்தானிடமும் மூச்சு விடாதே, அடுத்த ஃபிளைட்டில் வந்துவிடுவார்.

ஃபிரிட்ஜுக்குள் பீப்பாய், கதவில் குழாய். பீர் தானாக வராது, கேஸ்தான் தள்ள வேண்டும். சைக்கிள் பம்ப் போதாதா என்று நினைத்தேன். காற்றுப் பட்டால் ஓரிரு நாளில் ருசி கெட்டுவிடுமாம். நைட்ரஜன் முக்கால், கார்பன் டை ஆக்சைடு கால் கலந்தது கின்னஸ் மாதிரிக் கறுப்புப் பீருக்கு. அந்த சிலிண்டரின் மரையே வேறு. நமக்கு நம்ம கோலி சோடா கேஸ் போதும்.

அது கிடைப்பது வெல்டிங் சாமான் கடையில்! முகூர்த்தப் புடவையை பஞ்சர் கடையில் எடுப்பது போல. 20 டாலருக்கு வாங்கிய பழைய சிலிண்டரோடு போனேன். மாட்டுக்குப் பல் பார்ப்பது போல கடைக்காரர் அதன் கழுத்தைப் பார்த்தார். முத்திரை 2014. 5 வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஏற்றி, அழுத்திச் சோதிக்கணுமாம். அதுவரை நிரப்ப மாட்டாராம். நம் வீட்டு சிலிண்டரில் 'பி 27' என்று எழுதியிருக்குமே, அதே கதை. சோதனைக் கூலி சிலிண்டர் விலையைத் தாண்டியது. இந்த 43 வருஷத்தில் என்னை யாரும் இப்படிச் சோதித்ததில்லை. சோதித்திருந்தால் எனக்கும் முத்திரை விழுந்திருக்காது.

ஒருவழியாக நிரப்பி ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். மறுநாள் முள் 850-லிருந்து 550 பி.எஸ்.ஐ.க்கு இறங்கியிருந்தது. ஐயோ, தீர்கிறதே! அம்மா செய்வது போலப் படுக்கப் போட்டு உருட்டினேன். உள்ளே இருப்பது திரவமாம். ரெகுலேட்டருக்குள் பாய்ந்து, பனி பூத்து, சீறி அடங்கியது. கூடவே 60 டாலரும் அடங்கியது. குளிரில் முள் இறங்கும், அவ்வளவுதானாம். திரவம் தீரும்வரை முள்ளை நம்பக் கூடாது. எடை போட்டுத்தான் பார்க்கணும்.

இப்போது தினமும் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு எடை மெஷினில் ஏறுகிறேன். பிறகு அது இல்லாமல் ஏறுகிறேன். கழித்துப் பார்த்தால் என் தொப்பை மட்டும்தான் நிச்சயமாகத் தெரிகிறது. அம்மாவானால் ஒரு கையால் ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாள், "இன்னும் நாலு நாள் தாங்கும்டா" என்று.

அவளை இங்கே கூட்டிவரணும் போல இருக்கிறது, அக்கா. என்ன கேஸ் என்று மட்டும் கேட்காமல் இருந்தால்.

உன் தம்பி