மடியில நிக்காத மடிக்கணினி

வா புள்ள. இஸ்தோப்பு ஈரமாக் கெடக்கு, அந்தச் சாக்க இழுத்துப் போட்டு குந்து. பேராதனையில ஒனக்கு இன்ஜினியரிங் கெடச்சிருச்சுன்னு மேக்கணக்கு, கீழ்க்கணக்கு ரெண்டுலயும் இதே பேச்சுதான். லயத்துல பொறந்தது பாலம் கட்டப் போகுது, சந்தோசம். ஆனா ரெண்டு நாளா மூஞ்சத் தூக்கி வச்சிருக்கியாமே? சாதா லெப்டொப் வாங்குறதா, கீபோட கழட்டிட்டு டெப் மாதிரி கையில புடிக்கிறத வாங்குறதான்னு ஒங்கப்பனோட மல்லுக்கட்டாம். அவன் தப்பிச்சாப் போதும்னு ஒன்ன எங்கிட்டத் தள்ளி விட்டுட்டான். எனக்குத் தெரிஞ்ச மெசினு ஸ்டோர்ல ஓடுற ரோதை. கையில புடிச்சது கவ்வாத்துக் கத்தி. இருந்தாலும் கேக்க ஒரு ஆளு இருக்கையில நான் ஏன் தெரியாதுன்னு சொல்லணும்?

எங்க, அந்தப் படத்தக் காட்டு. அடேயப்பா! இது சிலேட்டுல்ல? தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாம் வகுப்பு வரைக்கும் இதுலதானே நான் எச்சி தொட்டு அழிச்சு அழிச்சுப் படிச்சேன். சிலேட்ட விட்டு கொப்பிக்கு மாறுன அன்னிக்கு எங்கம்மா லயம் பூரா சக்கர குடுத்துச்சு. நீ என்னடான்னா கெம்பஸ் வரைக்கும் படிச்சுப்புட்டு திரும்பவும் சிலேட்டுக்கு வர்ற.

என்ன சொன்ன, டூ இன் வன்னா? அந்தப் பேரக் கேட்டாலே எனக்கு வயித்தக் கலக்குது. 1977ல ஜே.ஆர். ஆட்சிக்கு வந்து இறக்குமதிக் கதவத் தொறந்துவிட்டாரா, அதுக்குப் பொறகு ஜப்பான் சாமானா வந்து எறங்குச்சு. ரேடியோவும் கெசட்டும் ஒன்னாச் சேந்த பெட்டி. அதுக்கும் இதே பேருதான். சீட்ட முன்னுக்கே தள்ளி எடுத்து, பத்தாததுக்கு ஒங்க அப்பாயி கம்மல அடகு வச்சு, தோள்ல தூக்கிட்டு வந்தேன். ஆறு மாசம் ராசா மாதிரி இருந்தேன். ரேடியோவுல அப்துல் ஹமீது பாட்டுக்குப் பாட்டு நடத்துனா லயமே நம்ம காம்பிரா வாசல்ல குந்தும். ஏழாம் மாசம் கெசட்டு நாடாவ மென்னு முழுங்கிருச்சு. கெட்டது கெசட்டு மட்டுந்தான், ஆனா ஒடம்பு ஒன்னாச்சே. ரிப்பேருக்குப் போனப்ப ரேடியோவும் கூடவே போயிருச்சு. சாமான் கொழும்புல இருந்து வரணும், வரணும்னே நாலு மாசம் ஓட்டுனான். பக்கத்துக் காம்பிரா மாமன் வெறும் ரேடியோ வச்சிருந்தாரு. அந்த நாலு மாசமும் அவரு வாசல்ல நான் குந்தினேன். அவரு மூஞ்சில இருந்த சிரிப்பு இருக்கே, இப்ப நெனச்சாலும் எரியுது.

சரி, கதைய விடு. பாரமில்லைங்கிற. பாரத்தப் பத்தி நீ பேசலாமா ராசாத்தி? ஒங்க அப்பாயி படங்கக் கட்டி, தலையில கயித்த மாட்டி, அட்டை ஏற ஏற உதறிக்கிட்டு 18 கிலோ எடுத்தாத்தான் முழுப் பேரு, ஒரு நாள் சம்பளம். கொறஞ்சா அரைப்பேரு. நீ கிராமுக் கணக்குக்கு மூச்சு வாங்குற.

அந்தக் கிராமுலயும் ஒரு சூது இருக்கு, பாத்தியா? சர்பேஸ் புரோ மாதிரிச் சாமான 900 கிராம் கிட்டன்னு போட்டிருக்கானே, அது வெறும் பலகை. கீபோட் தனி. அதுக்கொரு 300 கிராம் சேரு. 1.2 கிலோவாச்சா? சாதா 14 இஞ்சி லெப்டொப் 1.4 கிலோ. மிச்சம் 200 கிராம், ரெண்டு சின்னப் பெக்கட் தேயிலைத் தூள். இதத் தூக்க முடியாமத்தான் கெம்பஸ் அக்பர் பாலத்துல மயங்கி விழப் போறியா? கொழுந்து நிறுக்கயில கூடைக்கின்னும் தண்ணிக்கின்னும் ரெண்டு கிலோவக் கழிச்சு எழுதுவாங்க. இவன் கீபோடக் கழிச்சு எழுதுறான். தராசு எங்க போனாலும் நம்ம கிட்ட மட்டும் இப்படித்தான் நிறுக்கும் போல.

வெலையிலயும் அதே கழிவுதான். பலகைக்கு ஒரு வெல, கீபோடுக்கு ஒரு வெல, பேனாவுக்கு ஒரு வெல. நீ காட்டுறதுல எல்லாஞ் சேத்து மூன்றரை லட்சம். சாதா லெப்டொப் ரெண்டு லட்சம். நாள் சம்பளம் ஆயிரம் ரூவா கேட்டு வருசக் கணக்காக் கத்தி 2021ல வாங்குனோம். 2024ல 1,350 ஆச்சு. அந்த 2024 கணக்கு 1,350லயே போட்டுப் பாரு. ரெண்டு லட்சத்துக்கு ஒங்கம்மா 149 பேரு போடணும். மூன்றரைக்கு 260 பேரு. ஈபிஎப் புடிக்கிறது தனி, அரிசி மாவு தனி. மகாபொல ஸ்கொலசிப் வரும்ங்கிற, வரட்டும். 2025ல அத 7,500 ஆக்கிட்டாங்கதான். ஆனா அது சாப்பாட்டுக்கும் போடிங்குக்கும் காணுமான்னே பாக்கணும், புள்ள.

இன்னொன்னு கேக்குறேன். அத மடியில வச்சுப் பாத்தியா? முதுகுல ஒத்தக் கால முட்டுக் குடுத்து நிக்குது. கடையில கண்ணாடி மேசை மேல சோக்காத்தான் நிக்கும். நம்ம காம்பிராவுல மேசை எங்க இருக்கு? கட்டில்ல குந்தி மடியில வச்சா, அந்தக் காலு தொடையில குத்தும், பலகை மல்லாக்க விழும். பஸ்ஸுல தொறந்தியோ, கினிகத்தேனை எறக்கத்துலயே சீட்டுக்கடியில போயிரும், நாவலப்பிட்டி வரைக்கும் நீ குனிஞ்சு தேடு. மடியில நிக்காதது என்னடி மடிக்கணினி?

வேணும்னா கீபோட் கழலாம கீல்லயே பின்னுக்கு மடங்குறது ஒன்னு இருக்காமே. அது மடியில நிக்கும், தொட்டாலும் வேல செய்யும், பேனாவும் புடிக்கும். ஆனா டெப் மாதிரி ஒத்தக் கையில புடிச்சுக்கிட்டுப் படிச்சா மணிக்கட்டு செத்துரும். அதையும் சொல்லிட்டேன்.

நம்ம ஐசிடி வாத்தியார் கிட்ட ஒனக்குத் தெரியாம விசாரிச்சேன். சொலிட்வேர்க்ஸ்னு ஒன்னாமே, அது விண்டோஸ்ல மட்டுந்தான் ஓடுமாம். ஐபேட்ல ஓட்டோகேட் இருக்காம், ஆனா முழுசு இல்லையாம். புதுசா வர்ற விண்டோஸ் பலகையில சிலதுல போன்ல இருக்குற மாதிரி ஆர்ம் சிப்பாம். பெட்டரி நின்னு புடிக்குமாம், ஆனா பழைய இன்ஜினியரிங் சொப்ட்வெயர் சிலது அதுல அடம்புடிக்குமாம். 2022ல 13 மணித்தியாலம் கரண்டு வெட்டுனானே, அத நெனச்சா பெட்டரிய நான் கொறச்சுச் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஓடாத சொப்ட்வெயருக்கு பெட்டரி எம்புட்டு நேரம் நின்னு என்ன?

வாத்தியார் இன்னொன்னும் சொன்னாரு. ஆலன் கேன்னு ஒரு அமெரிக்காக்காரரு, புள்ளைங்க கையில புடிக்கிற புஸ்தகம் மாதிரி ஒரு கொம்பியூட்டர 1972லயே படம் போட்டு எழுதி வச்சாராம். அந்தப் படத்துலயும் பலகைக்கு அடியில கீபோட் ஒட்டியே இருந்துச்சாம். அதக் கழட்டித் தனி வெல போடலாம்ங்கிற யோசன அந்த மனுசனுக்கு வரல, பாவம்.

பேனா விசயத்துல மட்டும் நான் வாய மூடிக்கிறேன். கணக்கையும் சேர்க்கிட்டுப் படத்தையும் கீபோட்ல அடிக்க முடியாது. ஒன் தம்பி நாளைக்கு டாக்டருக்குப் படிச்சு ஒடம்புப் படத்துல நரம்பு வேற, ரத்தக் கொழாய் வேறன்னு வர்ணம் தீட்டணும்னா, அந்தச் சிலேட்ட வாங்கிக் குடுன்னு நானே சொல்லுவேன். ஒனக்கு ஒரு சிஆர் கொப்பி போதும். எழுதி முடிச்சிட்டு போன்ல படம் எடுத்து வையி. அதுக்காக மூன்றரை லட்சம்ங்கிறது கொசு அடிக்க கவ்வாத்துக் கத்தி எடுத்த கத. கொரியாக்காரன் நாடகத்தப் படுத்துக்கிட்டுப் பாக்கத்தான் அந்தப் பலகைன்னு ஒன் தம்பி சொன்னான். நான் நம்பல. அவனுக்கு வாய் அப்படி.

கடைக்குப் போனா மினுமினுப்பப் பாக்காத. கங்காணி கவ்வாத்துக் கத்தி குடுக்கையில நான் மொதல்ல பிடியத்தான் ஆட்டிப் பாப்பேன். வாய் மினுங்குதேன்னு எடுத்தவன் சாயங்காலம் கை நெறையக் கொப்புளத்தோட எறங்குவான். நீயும் மூடியப் பத்து வாட்டி தொறந்து மூடு. கீபோட்ல ஒம் பேர, ஒங்கப்பன் பேர அடிச்சுக்கிட்டே இரு, கடக்காரன் மொறைக்கிற வரைக்கும். ரெம் 16 ஜீபி இருக்கான்னு கேளு. இல்லாட்டி பொறகு போட எடமிருக்கான்னு கேளு. இப்ப சாதா லெப்டொப்புலயே ரெம்ம உள்ளுக்கிருக்கிற போர்டோட ஈயம் வச்சு ஒட்டிர்றானாம், டெப்பு மாதிரிச் சாமானுல பெட்டரியையும் பசை போட்டு ஒட்டிர்றானாம். ஒடஞ்சா ஹட்டன்லயே பாக்கலாமா, கொழும்புக்கு அனுப்பணுமான்னு கேளு. கொழும்புன்னு சொன்னா அந்த நிமிசமே எந்திரிச்சு வந்திரு, என் ரேடியோ இன்னும் அந்த ரோட்டுலதான் நிக்குது.

அப்புறம் பனி. இங்க மாசிப் பனியில செருப்பே பூஞ்சணம் புடிச்சு மொளைக்குது. சாமான வெறுமனே பலகை மேல வைக்காத. துணி சுத்தி, அடுப்படிக்குத் தூரமா, பெட்டியில வையி. அரிசிப் பானைக்குள்ள மட்டும் வச்சிராத, ஒங்க அப்பாயி அரிசியோட சேத்து ஒலையில போட்டாலும் போட்டுரும்.

எங்க, எந்திரிச்சிட்ட? சாயத்தண்ணி குடிச்சிட்டுப் போ. நாளைக்குத்தானே ஹட்டன் போறீங்க? வரயில எனக்கு ஒரு கைத்தடி வாங்கிட்டு வா. சாதா தடி, மூங்கிலோ பிரம்போ எதுவா இருந்தாலும் சரி. போன மாசம் டவுன்ல ஒருத்தன் வச்சிருந்தான், தடி முனையில டோர்ச் லைட்டு, பிடியில மணி. அதெல்லாம் வேணாம்.

ஏ புள்ள, இங்க வா. அது இருந்தா, என்ன வெலன்னு மட்டும் கேட்டுட்டு வா. ஒங்க அப்பாயிக்குத் தெரிய வேணாம்.