ஓசி வைஃபைக்கு ஒரு ஜாமீன்

கேள்வி: சிம் இல்லாத டேப்லெட்டில் ரயில் நிலைய இலவச வைஃபை கிடைக்குமா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: கிடைக்கும். 2016-ல் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய சேவை இது. இன்று ‘ரயில்வயர்’ என்ற பெயரில் தினமும் முதல் 30 நிமிடம் இலவசம். ஆனால் வாசலிலேயே போன் நம்பர் கேட்டு, அதற்குத்தான் ஓடிபி அனுப்புவார்கள். போன் இல்லாதவருக்கு போன்தான் ஜாமீன்! பொது வைஃபையில் யார் நுழைந்தார் என்று தெரிந்தாக வேண்டும் என்பது 2009-லேயே தொலைத்தொடர்புத் துறை போட்ட உத்தரவு. எனவே வீட்டுக்காரர் போனுக்கு ஓடிபியை வரவழைத்து, டேப்லெட்டில் தட்டுங்கள். பக்கத்து சீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் செய்யும் வம்புக்கெல்லாம் போலீஸ் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். வீட்டுக்காரர் என்றால் பரவாயில்லை, பழகியிருப்பார்!