பக்கத்து நாற்காலி அம்மணி

நாஷ்வில்லில் குடியிருந்துகொண்டு புளூபேர்ட் கஃபேக்குப் போகாதவன் மனுஷனே இல்லை என்று என் சகதர்மிணி தீர்ப்புச் சொல்லி வெகுகாலம் ஆகிறது. மனுஷனாக இருந்து பெரிதாக என்ன சாதித்துவிடப் போகிறோம் என்று நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் அவளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கண்மூடித் திறப்பதற்குள் விற்றுப்போகும் டிக்கெட்டில் இரண்டைப் பிடித்துவிட்டாள்.

உலகப் புகழ் பெற்ற இடமாயிற்றே என்று இஸ்திரி போட்ட சட்டையோடு போய் இறங்கினால், கிரீன் ஹில்ஸில் நாலு கடைகளோடு தோளை ஒட்டிக்கொண்டு நிற்கிறது ஒரு சின்ன இடம். 1982-இல் ஏமி கர்லண்ட் என்கிற அம்மாள் சாப்பாட்டுக் கடையாகத் தொடங்கியது. ஓரமாக இடம் கேட்டு வந்த பாட்டு, சாப்பாட்டை ஓரங்கட்டிவிட்டது. மொத்தமே சுமார் 90 பேர் உட்காரலாம். மேடை ஒன்று உண்டு. அன்று யாரும் அதைச் சீந்தவில்லை. கூடத்துக்கு நட்டநடுவே நாலு நாற்காலி போட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி முறைவைத்துப் பாடுகிறார்கள். 1985-லிருந்து இப்படி ஒரு வழக்கம். அன்றைக்கு நாலு பேரும் பெண்கள். நம் மேஜை எங்கே என்கிறீர்களா? நாலாவது நாற்காலியை ஒட்டி. அம்மணி கிடாரைத் திருப்பினால் என் மூக்குக் கண்ணாடி அவ்வளவுதான்.

உள்ளே பேசக் கூடாது. பேசினால் ‘உஷ்’. அதை டீ-ஷர்ட்டிலேயே அச்சடித்து விற்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபா கேன்டீனுக்குக் கிளம்பிப் பழகிய உடம்பு இது. வாங்கின சிப்ஸைக் கடித்தால் சத்தம் வருமே என்று வாயிலேயே ஊறவைத்து விழுங்கினேன்.

எல்லாம் அவரவர் எழுதின பாட்டு. பாடுமுன் கதையும் சொல்கிறார்கள். முதலாமவர் விவாகரத்து. அடுத்தவர் அம்மாவோடு பேசாமல் கழித்த வருஷங்கள். மூன்றாமவர் குடியை விட்ட கதை. நம் பக்கத்து அம்மணிதான், போனிலிருந்து தலையைத் தூக்காமல் ‘உம்’ கொட்டும் ஒரு புருஷனைப் பிடித்துக்கொண்டார். சரணத்துக்குச் சரணம் என் மனைவி என்னைப் பார்த்தாள். பாட்டு முடிந்ததும் அம்மணியும் பார்த்தார். நான் சிப்ஸைப் பார்த்தேன்.

இப்படித்தான் 1971-இல் பாடகி ஜோனி மிச்செல் ‘ப்ளூ’ ஆல்பத்தில் மனசிலிருந்ததை மொத்தமாகக் கொட்டியதைக் கேட்ட சக பாடகர் கிரிஸ் கிரிஸ்டாஃபர்சன், உனக்கென்று கொஞ்சமாவது மிச்சம் வைத்துக்கொள்ளம்மா என்றாராம். பாவம், உலகத்துப் புருஷர்கள் எல்லாருக்குமாகச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். யார் காதிலும் விழவில்லை.

ஆனால் அவ்வளவு கிட்டத்தில் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது சார். கடைசிச் சுற்றில் அம்மணிக்குக் குரல் உடைந்து பாட்டு நின்றுவிட்டது. ஒரு சிரிப்புச் சிரித்தார். மற்ற மூவரும் யாரும் கேட்காமலே அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. சிப்ஸ்தான் காரணம் என்று மனைவிக்குச் சைகை காட்டினேன். நம்பவில்லை.

காரில் ஏறினதும், “எனக்கும் ஒரு பாட்டு எழுதணும் போலிருக்குங்க,” என்றாள்.

“எங்கேருந்து ஆரம்பிப்பே?”

“பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு பஜ்ஜியை மட்டும் பார்த்தீங்களே, அங்கேருந்து.”