மக்காச்சோளத் தோலில் ஒரு கவுன்

ஃபேஷன் ரியாலிட்டி ஷோ என்றாலே துணியைக் குறைப்பதுதானே?

குறைப்பதா? துணிக்கடைக்கே போகாமல் ஆரம்பித்த ஷோ உண்டு! 2004 டிசம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் ரன்வே’யின் முதல் போட்டியில் கையில் 50 டாலரைக் கொடுத்து அனுப்பிய இடம் மளிகைக்கடை. போட்டியாளர் ஆஸ்டின் ஸ்கார்லெட் மக்காச்சோளத்தின் பச்சைத் தோலை உரித்து, ஏடு ஏடாக அடுக்கி கவுனாக்கிவிட்டார். காய்ந்தால் சுருங்கிவிடும் சரக்கு! அந்தச் சுற்றில் ஜெயித்ததும் அதுதான். முதல் சீசனை மட்டுமாவது தேடிப் பார்க்கலாம்.

ஜெயித்தவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள்?

முதல் சீசன் வெற்றியாளர் ஜே மெக்கரால், ஒப்பந்த நிபந்தனைகள் பிடிக்காமல் 1 லட்சம் டாலர் பரிசையே வேண்டாம் என்றார். (நம்பத்தான் முடியவில்லை.)

நான்காவது சீசனில் வென்ற கிறிஸ்டியன் சிரியானோ, 2019 ஆஸ்கர் விழாவுக்கு நடிகர் பில்லி போர்ட்டரை மேலே கோட்டு, கீழே தரை கூட்டும் கருப்பு வெல்வெட் கவுன் என்று அனுப்பிவைத்தார். அதே ஆண்டு, தான் ஜெயித்த ஷோவுக்கே வழிகாட்டியாகத் திரும்பினார்.

சண்டையே இல்லாத ஷோ ஏதாவது?

2013-இல் பிபிசி தொடங்கிய ‘தி கிரேட் பிரிட்டிஷ் சோயிங் பீ’. அங்கே பல்லைக் கடிப்பது ஜிப் மட்டும்தான்.

போட்டியாளர்கள் எல்லோரும் வீட்டில் ஆசைக்குத் தைப்பவர்கள். பழைய துணியைப் புது உடுப்பாக மாற்றும் சுற்றை விட்டுவிடக் கூடாது. நடுவர் பேட்ரிக் கிராண்ட், லண்டன் சவில் ரோவில் தையல் நிறுவனம் நடத்தியவர். அவர் குனிந்து மடிப்பைப் புரட்டினால், தைத்தவர் நெற்றியில் வியர்வை!