சுவருக்கு அந்தப் பக்கம்

ஹாலில் ஒரு கணினி, படுக்கையறையில் ஒரு கணினி. நடுவே ஒற்றைச் சுவர். மகளின் கல்யாண வீடியோ, 14 ஜிபி, இங்கிருந்து அங்கே போக வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மச்சானோடு தினமும் முகம் பார்த்துப் பேசுகிற கணினிகள்தான். தங்களுக்குள் மட்டும் பேச்சில்லை. பங்காளிகள் போல.

பிங் அடித்தேன். நாலு தரமும் பதிலில்லை. ஐபி முகவரியைப் பார்த்தால் ஒன்று 192.168.1.5, மற்றது 169.254 என்று தொடங்கியது. ரவுட்டர் முகவரி தராவிட்டால் விண்டோஸ் தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொள்ளுமாம். சுயம்பு! கேபிளை உருவிப் பார்த்தேன். ஆர்ஜே-45 முனையின் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்து, பிள்ளையார் தந்தம் மாதிரி பாதியாய் நின்றது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு துண்டு கிழித்து இடுக்கில் செருகினேன். 192.168.1.7 வந்துவிட்டது.

பிங்குக்கு இன்னும் மௌனம். என் சொந்த வீட்டு நெட்வொர்க்கை விண்டோஸ் 'பப்ளிக்' கணக்கில் வைத்திருக்கிறது, ஏதோ பஸ் ஸ்டாண்டு மாதிரி. 'பிரைவேட்' ஆக்கி, ஃபைல் ஷேரிங்கைத் திறந்ததும் ஃபயர்வால் வழிவிட்டது.

உடனே பாஸ்வேர்டு கேட்டது. நான் பாஸ்வேர்டே வைக்கவில்லை. வைக்காதவனை நெட்வொர்க் வழியாக உள்ளே விடாதாம். பூட்டே இல்லாத வீட்டுக்குச் சாவி கேட்கிறது! ஒன்று வைத்தேன், விட்டது.

பழைய 100 மெகாபிட் ரவுட்டர். இருபது நிமிடம் ஓடி, வீடியோ போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள்: ஹால் கணினிக்குப் பின்னால் செருகியிருக்கும் அந்தப் பத்திரிகைத் துண்டைக் குப்பை என்று எடுத்துவிடாதீர்கள்.