போன வாரம் சார்

எங்கள் குடியிருப்பில் அவருடைய சொந்தப் பெயர் மின்கட்டண அட்டையில் மட்டும்தான் புழங்குகிறது. வாயைத் திறந்தால் "போன வாரம் ஒரு புத்தகம் படிச்சேன் சார்" என்றுதான் தொடங்குவார். ஆகவே வாட்ச்மேன் முதல் பால் போடும் அம்மா வரை எல்லோருக்கும் அவர் போன வாரம் சார்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். பொங்கலை ஒட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் கண்காட்சிக்கு இரண்டு காலிப் பைகளோடு போவார். தோள்பட்டை இறங்கித் திரும்புவார். பத்து சதவீதக் கழிவில் கண்ணில் படுவதுதான் அந்த வருஷத்துப் பாடத்திட்டம். தேனீ, சோழர் கடற்படை, ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு என்று ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "அரிசி டப்பாவை இனிமே என் தலைமேல வெச்சுக்கவா?" என்று அவர் மனைவி கேட்பது இரண்டு வீடு தள்ளிக் கேட்கும்.

படிக்கட்டும், நல்லதுதான். படித்தது செரிப்பதற்குள் நம் இலையில் பரிமாறிவிடுகிறாரே, அதுதான் தொல்லை.

ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலை அவருடையது. அந்த வாரம் காய்கறிகளின் வரலாறு. "இந்த இலையில ராஜராஜ சோழன் பார்த்திருக்கக்கூடிய ஐட்டம் எது, சொல்லுங்க பார்ப்போம்" என்றார். நான் உருளைக்கிழங்குக் கறியைக் காட்டினேன். "தென் அமெரிக்கா." தக்காளி ரசம்? "அதுவும் அங்கேதான்." சாம்பாரில் கிடந்த மிளகாய் போர்த்துகீசியர் கொண்டுவந்தது; அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான். கேசரியில் அன்னாசி, பாயசத்தில் முந்திரி, இரண்டும் பிரேசில் பக்கத்துச் சரக்கு. அவர் பேசப் பேச என் இலையிலிருந்து ஒவ்வொன்றாக நாடு கடத்தப்பட்டது. கடைசியில் மிஞ்சியவை வாழைக்காய் வறுவல், மோர், உப்பு. எதிர்வரிசையிலிருந்த பெண்ணின் சித்தப்பா, "அப்போ வடை?" என்றார் கவலையாக. "உளுந்து நம்மளுது" என்று தீர்ப்பு வந்ததும் இன்னொரு வடை கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் பச்சைமிளகாய் இருந்ததை நான் காட்டிக்கொடுக்கவில்லை.

தூக்கத்தைப் பற்றிப் படித்த வாரம், ராத்திரி பதினொன்றேகாலுக்குப் போன் போட்டு என்னை எழுப்பி, தூக்கம் எவ்வளவு முக்கியம் என்று விளக்கினார்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கடியில் தேனீ கூடு கட்டியபோது, ஆள் வைத்துக் கலைப்பதா வேண்டாமா என்று சங்கக் கூட்டம் போட்டோம். போன வாரம் சார் எழுந்தார். பூ இருக்கும் திசையைத் தேனீ நடனமாடித்தான் சொல்லும், அதைக் கண்டுபிடித்த கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்றார். அதோடு விட்டாரா? எட்டுப் போட்டதுபோன்ற அந்த ஆட்டத்தை நாற்காலிகளுக்கு நடுவே ஆடியும் காட்டினார். தேனீக் கூட்டம் அசையவில்லை. எங்கள் கூட்டம்தான் கலைந்தது.

எந்தப் புத்தகத்திலும் இவர் அறுபதாம் பக்கத்தைத் தாண்டுவதில்லை என்பது மூன்றாம் மாடிக்காரரின் ஆராய்ச்சி முடிவு. தான் இரவல் கொடுத்த புத்தகங்கள் திரும்பி வரும்போது அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் அந்த இடத்தோடு நிற்குமாம். அதற்கப்புறம் தாள்கள் மொடமொடவென்று கன்னி கழியாமல் இருக்குமாம். நானும் நம்பிவிட்டேன்.

மார்கழியில் ஒருநாள் அவர் மடியில் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. தலையணை கனம். வசமாக மாட்டினார் என்று, "முடிவு எப்படி சார்?" என்றேன்.

முகம் வாடிவிட்டது. "முடிவே இல்லையே சார். 1940-ல விகடன்ல எழுத ஆரம்பிச்சார். 1942-ல போய்ச் சேர்ந்துட்டார். 122 அத்தியாயம். அடுத்ததைத் தேடிப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், காணோம்."

நேற்றுத்தான் துக்கம் விசாரித்துவிட்டு வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, "அடடா" என்றேன்.

"பாதியில நின்னா மனசு என்ன பாடு படுது பாருங்க" என்றபடி, அலமாரியிலிருந்து கல்லீரலைப் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். "மூணாம் மாடிக்காரரோடது. போற வழியில குடுத்துடுங்க."

படியேறும்போது பிரித்துப் பார்த்தேன். பஸ் டிக்கெட் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது.