டி90-க்குப் பணி நீட்டிப்பு

கையில் இருக்கும் டிஎஸ்எல்ஆர் கேமராவையே வைத்துக்கொள்வதா, அதற்குப் பின் வந்த மாதிரிக்கு மாறுவதா என்னும் கேள்வி கேமரா வைத்திருப்போர் எல்லோரையும் ஒருமுறையாவது பிடித்து ஆட்டுகிறது என்றாலும், படம் எடுக்கும் நேரத்தைவிடக் கேமராவைப் பற்றிப் படிக்கும் நேரம் அதிகமாக உள்ளவர்களிடமே அது முற்றிய நிலையில் காணப்படுகிறது. கிதார் வாசிப்போர் வட்டத்தில் தோன்றிப் பின்னர் கேமராக்காரர்களையும் தொற்றிக்கொண்ட இந்நிலைக்கு, கருவி சேர்க்கும் நோய் என்று பொருள்படும் ஓர் ஆங்கிலப் பெயர் வழங்குகிறது. அப்பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘கேஸ்’ என்று வரும். வயிற்றில் கேஸ் என்று சொல்பவருக்கு ஓமத் தண்ணீராவது கிடைக்கும். இந்தக் கேஸுக்கு எந்த வீட்டிலும் அனுதாபம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

டிஎஸ்எல்ஆர் என்பது, லென்ஸ் வழியே வரும் ஒளியை 45 பாகைச் சாய்வில் நிற்கும் ஒரு கண்ணாடியால் மேலே திருப்பிப் படமெடுப்பவரின் கண்ணுக்குக் காட்டி, பொத்தானை அழுத்தும் கணத்தில் அக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, ஷட்டர் எனப்படும் திரையைத் திறந்து, பின்னால் உள்ள சென்சார் என்னும் ஒளி உணரியில் காட்சியைப் பதியவைக்கும் கேமரா ஆகும். கண்ணாடி எழுந்து விழும்போது கேட்கும் ‘கடக்’ என்ற ஓசையை ஒரு குறையாகக் கொள்வதற்கில்லை. கல்யாண வீட்டில் அவ்வோசை ஒருமுறை கேட்டுவிட்டால், யாரும் சொல்லாமலே நான்கு வரிசை உறவினர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இங்கு ஆய்வுக்கு உரியது, சென்னைவாசி ஒருவர் 2009-இன் தொடக்கத்தில் வாங்கிய நிக்கான் டி90. 2008 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட இம்மாதிரி, வீடியோவும் எடுக்கக்கூடிய முதல் டிஎஸ்எல்ஆர் என்ற பெருமைக்குரியது. உரிமையாளர் அவ்வசதிக்காகவே இதை வாங்குவதாக வீட்டில் வாதிட்டு வென்றார் என்பதும், அதை இதுவரை ஒரே ஒருமுறை, அதுவும் கைதவறிப் பயன்படுத்தினார் என்பதும் பதிவு செய்யத்தக்கவை. 2010 செப்டம்பரில் டி7000 அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து டி90 ஓய்வுபெறும் வயதை எட்டிய அரசு ஊழியரின் நிலைக்கு வந்து, ஆண்டுதோறும் பணி நீட்டிப்பில் காலம் தள்ளிவருகிறது.

புதிய மாதிரிக்கு ஆதரவாக முதலில் வைக்கப்படுவது மெகாபிக்சல் வாதம். பிக்சல் என்பது படத்தை ஆக்கும் மிகச் சிறிய புள்ளி. அத்தகைய 10 லட்சம் புள்ளிகள் சேர்ந்தது ஒரு மெகாபிக்சல். டி90-க்கு 12.3, டி7000-க்கு 16.2 என்றவுடன் மூன்றில் ஒரு பங்கு லாபம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. ஆனால் படத்தின் அகலத்தில் 4,288 புள்ளிகள் இருந்த இடத்தில் 4,928 புள்ளிகள் வந்துள்ளன என்பதே உண்மை. அதாவது அகலவாட்டில் கூடியது சுமார் 15 விழுக்காடு. இதன் பொருளை அறிய வேடந்தாங்கலுக்குச் செல்லவேண்டும். கரையில் நின்று 105 மி.மீ. வரை நீளும் ஜூம் லென்ஸால், ஏரி நடுவே மரத்தில் அமர்ந்திருக்கும் ஒரு கூழைக்கடாவைப் படம் எடுத்தால், அப்பறவை ஒரு பச்சரிசி மணியளவில் விழுகிறது. அது டி90-இல் 100 புள்ளி அகலம் இருந்தால் டி7000-இல் 115 புள்ளி இருக்கும். பச்சரிசி புழுங்கலரிசி ஆகும், அவ்வளவே. அதே டி90-இல் 300 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் பறவை ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும் என்பதை உரிமையாளர் அறிவார். ஆயினும் விலைப்பட்டியலில் அப்பக்கத்தைத் திருப்பும்போது அவர் கண்கள் எப்படியோ மங்கிவிடுகின்றன.

எடுத்த படங்கள் போய்ச்சேரும் இடத்தையும் கருதவேண்டும். 4-க்கு 6 அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று தாராளமாக வைத்தாலும் 22 லட்சம் புள்ளிகளுக்குள் வேலை முடிந்துவிடுகிறது. மற்ற படங்கள் எல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குச் செல்கின்றன. அங்கே அவை சுருக்கப்பட்டு, இரண்டு கட்டைவிரல்களுக்கும் ஒரு பூச்செண்டுக்கும் உரிய காரணங்களாக அமைந்து, மாலைக்குள் ‘இனிய இரவு’ வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துவிடுகின்றன.

ஐஎஸ்ஓ வாதத்தை இவ்வாறு தள்ளிவிட முடியாது. ஐஎஸ்ஓ என்பது சென்சாரில் விழும் ஒளியை எந்த அளவு பெருக்கிக் காட்டுவது என்பதைக் குறிக்கும் எண். அதைக் கூட்டினால் இருட்டிலும் படம் விழும், கூடவே ‘நாய்ஸ்’ எனப்படும் புள்ளிகளும் ரவை தூவியது போல் விழும். மயிலாப்பூர் பங்குனிப் பெருவிழாவில் இரவு வாகனப் புறப்பாட்டை 3,200 ஐஎஸ்ஓவில் டி90-ஆல் எடுத்தால், சுவாமி மேல் யாரோ விபூதியை அள்ளி வீசியது போன்ற தோற்றம் கிடைப்பது உண்மை. டி7000 அதே இருட்டில் 6,400 வரை சாதாரணமாகவே செல்லும், விபூதியும் குறைவு. மாற்றத்துக்கு நேர்மையான காரணம் ஒன்று உண்டென்றால் இதுதான்.

ஆனால் இங்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. லென்ஸின் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதை ‘எஃப்’ எண் குறிக்கிறது. எண் சிறிதானால் வாய் பெரிது. 50 மி.மீ. அளவில் எஃப் 4.5 வரையே திறக்கும் ஜூம் லென்ஸைக் கழற்றிவிட்டு, எஃப் 1.8 வரை திறக்கும் சிறிய 50 மி.மீ. லென்ஸை மாட்டினால் ஒளி ஆறு மடங்கு கூடுகிறது; 3,200-இலிருந்து 6,400-க்குப் போனாலோ இரண்டே மடங்கு. உரிமையாளரின் அலமாரியில் அந்த லென்ஸ் இருக்கிறது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களின் நடுவே, சென்னைக் காற்றின் ஈரத்தால் பூஞ்சை பிடிக்காதவாறு மிகுந்த பாதுகாப்போடு, வெளியே எடுக்கப்படாமலே இருக்கிறது.

மாறுவதென்று முடிவெடுத்தாலும் செலவு கேமராவோடு நிற்பதில்லை. டி90-இன் பேட்டரி டி7000-இல் பொருந்தாது. ஆகவே உபரியாக வாங்கிவைத்த இரண்டு பேட்டரிகளும் வீண். ‘ரா’ எனப்படும், சென்சார் தந்த தகவலை அப்படியே சேமிக்கும் கோப்பின் பருமன் கூடுவதால் புதிய மெமரி கார்டு, அவற்றை இறக்கிவைக்க ஹார்டு டிஸ்க், அவற்றைத் திறக்க வேகமான கம்ப்யூட்டர் என்று வரிசை நீள்கிறது. கோவணத்தை எலி கடிக்காமல் இருக்கப் பூனையும், பூனைக்குப் பாலூட்டப் பசுவும், பசுவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணும் என்று சம்சாரியாகிப் போன சாமியாரின் கதை இதுவேயாயினும், கேமராக்காரருக்கு மனைவி முன்பே அமைந்திருப்பதால், கதை ஹார்டு டிஸ்க்கோடு நின்றுவிடுவது வழக்கம்.

மேற்படி மனைவி அளித்த ஒரு சான்று இவ்வாய்வில் தவிர்க்க இயலாதது. மகாபலிபுரம் கடற்கரைக் கோயிலின் நாற்பது படங்களை உரிமையாளர் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக ஓட்டிக்காட்டி, பழைய சென்சாரில் வானத்தின் நீலம் எவ்வளவு வெளிறிப்போகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் திரையின் வலது மேல் மூலையைத் தொட்டு, “ஏங்க, இந்தக் காக்கா எல்லாப் படத்துலயும் ஒரே எடத்துல நிக்குதே, நகரவே நகராதா?” என்று கேட்டார். அது சென்சாரில் ஒட்டிய தூசி. லென்ஸின் வாயை எஃப் 16-க்குக் குறுக்கும்போது அத்தகைய தூசியின் நிழல் தெளிவாக விழும் என்பது ஒளியியல். மூன்று ஆண்டுகளாக அதைக் காணாதவர், கேமராவுக்குப் பார்வை போதவில்லை என்று முறையிட்டு வந்தார் என்பது வேறு இயல்.

இவ்விவாதங்கள் நடந்துகொண்டிருந்தபோதே 2013-இல் 24.1 மெகாபிக்சலோடு டி7100 வந்தது. அதை வாங்க நினைக்கையில் அடுத்தது வரட்டும் என்று தோன்றியது. 2015-இல் டி7200 வந்தது. அதற்கும் அதே நியாயம் பொருந்தியது. 2017-இல் வந்த டி7500-இல் மெகாபிக்சல் 20.9 ஆகக் குறைந்து, இரண்டாக இருந்த கார்டு வாய் ஒன்றானபோது, காத்திருந்ததே விவேகம் என்பது மெய்ப்பிக்கப்பட்டதாக உரிமையாளர் அன்றிரவு ஒரு தம்ளர் பால் கூடுதலாகக் குடித்தார். 2018-இல் அதே நிறுவனம் கண்ணாடியே இல்லாத கேமராக்களுக்கான புதிய வரிசையைத் தொடங்கியது. 2020-இல் வந்த டி6-க்குப் பிறகு அது புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை. எந்த மாதிரிக்கு மாறுவது என்று பத்தாண்டு யோசித்தவருக்கு, மாற மாதிரியே இல்லாமல் போனது. வாதியும் பிரதிவாதியும் காலமாகி, வாய்தா மட்டும் மிஞ்சும் சிவில் வழக்குகளைக் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்காது.

கண்ணாடியில்லா வரிசைக்குத் தாவலாமே எனில், பழைய லென்ஸ்களை அதில் பொருத்த ஓர் இணைப்பு வளையம் விற்கப்படுகிறது. டப்பாவில் உறங்கும் அந்த 50 மி.மீ. லென்ஸோ, தனக்கென்று மோட்டார் இல்லாமல், கேமராவின் உடலில் உள்ள மோட்டாரால் குவியம் தேடும் பழைய வகை; 2018-இல் வந்த வளையத்தில் மோட்டார் கிடையாது, ஆகவே கையால்தான் திருகவேண்டும். மேலும் அக்கேமராக்களைச் சத்தமே இல்லாமலும் இயக்கலாம் என்பதால், நான்கு வரிசை உறவினர்களை நிமிரவைப்பது யார் என்ற கேள்வியும் எழுகிறது.

இறுதியாக ஷட்டர் கணக்கு. நிக்கான் டிஎஸ்எல்ஆரின் ஷட்டர் எத்தனை முறை திறந்து மூடியது என்பது எடுக்கப்படும் படக்கோப்பிலேயே பதிவாகிறது. டி90-இன் ஷட்டர் 1,00,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. இந்த டி90 பதினாறு ஆண்டுகளில் முடித்தது 38,400. இதே வேகத்தில் சென்றால் மீதியை முடிக்க 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் வேடந்தாங்கல் கரையில் உரிமையாளரின் முழங்கால் முதலில் பழுதாகும்.

ஆகவே டி90-க்கு மேலும் ஓராண்டு பணி நீட்டிப்பு வழங்கப்படுகிறது. சென்சாரைத் துடைக்கும் செலவு உரிமையாளரைச் சேர்ந்தது.